சங்குமுனைப் பற்கள்

எப்சிபாவுக்குப் பற்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தது. காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் தட்டுத் தட்டாகப் பற்கள். வெற்றிலைக் கறை ஏறியவை, சொத்தை விழுந்தவை, நாற்பது வயது ஆளின் வாயிலிருந்து நேற்றுத்தான் பிடுங்கிய நல்ல பற்கள். ஒவ்வொன்றும் மூடி போட்ட சின்னக் குப்பியில் எண் ஒட்டி வரும். யாருடையது, எந்த ஊர் என்று அவளுக்குச் சொல்ல மாட்டார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எங்கோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் நிச்சயம்.

அவள் படித்தது பல் அல்ல, பவளம். மன்னார் வளைகுடாவில் செத்துக் கிடந்த பழைய பவளப் பாறைகளைத் துளைத்தெடுத்து, ஆண்டுக்கு ஓர் அடுக்காகப் படிந்த சுண்ணாம்பில் கலந்திருக்கும் துளித்துளி உலோகங்களை எண்ணி, முந்நூறு ஆண்டு மழையைக் கோடாகப் போட்டுக் காட்டியவள். ஆற்றில் வெள்ளம் வந்தால் கடலில் பேரியம் கூடும். பவளம் அதை விழுங்கித் தன் உடம்பில் வைத்துக்கொள்ளும். எந்த வருடம் பஞ்சம், எந்த வருடம் ஊரே மிதந்தது என்று அவள் போட்ட கோட்டை வைத்துத்தான் இன்றைக்கும் வெள்ள எச்சரிக்கை செய்கிறவர்கள் கணக்குப் போடுகிறார்கள். கல்யாணம், பிள்ளை குட்டி என்று அவளுக்கு எதுவும் அமையவில்லை. அந்தக் கோடு அமைந்தது. அதுவே போதும் என்பாள். சில நாள் உண்மையாகவே சொல்வாள்.

இந்த வேலைக்கு எதிரி அழுக்கு. கோடியில் ஒரு பங்கை எண்ணுகிற இடத்தில் ஒரு துளி வியர்வை விழுந்தால் ஆறு மாத உழைப்பு பாழ். எப்சிபா இளவயதிலிருந்தே முகத்துக்குப் பவுடர் போட்டதில்லை, கையில் வளையல் போட்டதில்லை, தலையில் பூ வைத்ததில்லை. குப்பிகளை அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவுவாள். பிறகு கழுவிய தண்ணீரையும் கருவியில் விட்டு அளந்து பார்ப்பாள். அவள் ஆய்வகத்தில் அழுக்கு பட்டது என்று இதுவரை ஒருவர் சொன்னதில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கர்வம் உண்டு, அதை அவள் மறைப்பதும் இல்லை.

கடல் உள்ளே வரத் தொடங்கிய பிறகு இதெல்லாம் தலைகீழானது. தூத்துக்குடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கரையோர ஊர்கள் ஒவ்வொன்றாக நனைந்தன. கடலோரத்துப் பூர்வீகக் குடிகளுக்குக் கரிசல் காட்டில் 'புதுக்கரிசல் நகர்' என்று அடுக்குமாடி கட்டித் தர அரசு முடிவெடுத்தது. அறிவிப்பு வந்த வேகத்தில், கடலைக் காலண்டரில் மட்டும் பார்த்தவர்கள்கூட மூன்று தலைமுறையாக வலை வீசியவர்கள் ஆனார்கள். இன்னொரு பக்கம், தாமிரபரணிப் படுகைக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். ஊரெல்லாம் இங்கே வந்து இறங்கினால் ஆறு தாங்காது, இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் மட்டும் குடியிருக்கட்டும் என்று போராடி ஒரு சட்டமே வாங்கிவிட்டார்கள். உடனே ஆற்றங்கரைச் சான்றிதழும் கள்ளத்தனமாக அச்சாகத் தொடங்கியது. கடைசியில் நீதிமன்றம் சலித்துப்போய்க் கேட்டது: பொய் சொல்லாத சாட்சி ஏதாவது உண்டா?

உண்டு என்று எழுதிக் கொடுத்தவள் எப்சிபா. முதல் கடைவாய்ப் பல் பிறந்த குழந்தையின் ஈறுக்குள்ளேயே வளர ஆரம்பித்து, மூன்று வயதுக்குள் அதன் மேற்பூச்சு முடிந்துவிடும். அதன் பிறகு சாகும்வரை அது மாறாது. கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரில் ஸ்ட்ரான்ஷியம் கூடுதல்; ஆற்றுத் தண்ணீரில் பேரியம் கூடுதல். பல்லை வகுந்து, லேசரால் வரிசையாகச் சுட்டு, எழுகிற புகையில் எது எவ்வளவு என்று எண்ணினால், குழந்தை எங்கே வளர்ந்தது என்று சொல்லிவிடலாம். பவளத்துக்குச் செய்ததைத்தான் பல்லுக்கும் செய்தாள். அது நியாயமான யோசனையாகவே அவளுக்குப் பட்டது. ஏழையிடம் தாள் இருக்காது, பல் இருக்குமல்லவா?

கோமதிநாயகம் ஒரு நாள் காலையில் நேரிலேயே வந்தார். மறுகுடியமர்வுக்கான தனி வட்டாட்சியர். ஓய்வு பெறும் வயது தாண்டியும் ஆள் இல்லையென்று பிடித்து வைக்கப்பட்டிருந்தார். எதற்கும் ஆச்சரியப்படுவதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, காலில் துணி உறை மாட்டிக்கொண்டு, உள்ளே வராமல் நடையிலேயே நின்றார்.

"உள்ள வந்து தும்மிட்டா நீங்க என்னைக் கொன்னுபோடுவீங்க. இங்கயே நிக்கேன். சங்குமுனை முடிவு அனுப்பிச்சீங்களே, பாத்தேன் மேடம்."

"எந்த ஊருன்னு எனக்கு எப்படித் தெரியும் சார்? எண்ணுதானே வருது."

"உப்பளத்துக்காரங்க. காலங்காலமா அங்கயே இருக்கோம்னு சத்தியம் பண்ணினாங்க. உங்க மெசின் அத்தனை பேரையும் ஆத்துப் பக்கம்னு சொல்லிட்டுது."

"அத்தனை பேருமா?"

"ஒருத்தர் பாக்கியில்ல. எனக்கு நல்லதுதான். புதுக்கரிசல்ல வீடு பத்தாம முழிச்சிட்டிருக்கேன். பட்டியல்லருந்து சங்குமுனையை அடிச்சிட்டா பெரிய பாரம் குறையும்."

எப்சிபாவுக்கு அதுதான் உறுத்தியது. ஏமாற்ற வருகிற கூட்டத்திலும் நாலு பேர் யோக்கியமாக இருப்பார்கள். ஓர் ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு ஒற்றுமை வேண்டும். அந்த மாதிரி ஒற்றுமையை அவள் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

"நான் ஒரு தடவை அங்க போகணும் சார்."

"எதுக்கு மேடம்? அதான் பல்லு இங்க வந்திருச்சே."

அவள் கையுறையைக் கழற்றினாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, ஜீப்பை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

சங்குமுனையில் பாதி உப்பளம் கடலுக்குள் போயிருந்தது. மிச்சமிருந்த பாத்திகளில் உப்பு விளைந்து வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. வரப்புக்கு மேல் தகரக் கூரை போட்ட வீடுகள். அலை பெரிதாக வந்தால் கடைசி வரிசை வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிடும் என்று வழி காட்டியவர் சொன்னார். அந்தக் கடைசி வரிசையில்தான் சுடலைவடிவு இருந்தாள். அவளுக்கு வயது ஐம்பதுக்குப் பக்கத்தில் இருக்கும். உப்பு வாரி வாரி உள்ளங்கால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு பக்கக் கன்னம் இன்னும் லேசாக வீங்கியிருந்தது.

"பல்லு பாக்குத அம்மா நீங்கதானா? வாங்க, உக்காருங்க. நாங்க வேத்தூருக்காரவளாமே. சொல்லிட்டுப் போனாவ."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்ட செய்தியைச் சொல்வது மாதிரி சொன்னாள். எப்சிபாவுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

உள்ளே பாயில் ஒரு பெண் படுத்திருந்தாள். முகமும் காலும் ஊதியிருந்தன. வடிவின் ஒரே மகள் இசக்கி.

"சிறுநீரகம் கெட்டுக்கிட்டு வருதாம்" என்றாள் வடிவு. "அளத்துல நிழலு கெடையாதுல்லா. ஒதுங்க எடம் இல்லைன்னு பொம்பளைய தண்ணி குடிக்கதையும் கொறச்சிக்கிடுவோம். இவ அப்பாவுக்கும் இதேதான், போய்ச் சேந்துட்டாரு. உப்பில்லாத நல்ல தண்ணிதான் குடிக்கணும், இந்தப் புழுக்கத்துல வச்சிருக்காதேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த மாடி வீட்டுல குழாய்ல தண்ணி வருமாமே, அதுக்குத்தான் பல்லக் குடுத்தேன். இவளுக்கும் பிடுங்கணும்னாவ. பிடுங்கிட்டாவ. இவளுக்கு ரத்தம் நிக்கவே ரெண்டு நாளாச்சு."

எப்சிபா வெயிலில் வந்த முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வடிவு கேட்காமலே ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். உப்புக்கு நடுவில் உட்கார்ந்து அத்தனை நல்ல தண்ணீரைக் குடிப்போம் என்று எப்சிபா நினைக்கவில்லை. நாக்கில் பட்டதுமே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இது எங்க தண்ணி?"

"லாரித் தண்ணிதான். ஆத்துலருந்து வரும். இங்க தோண்டினா உப்புல்லா வரும், அதை எவன் குடிப்பான்?"

"எப்பருந்து லாரி வருது?"

"நான் பெறக்கதுக்கு முந்தியே வருமே. எங்கம்மா வயித்துல என்னை வச்சுக்கிட்டுக் குடத்துக்குச் சண்டை போட்டிருக்கா."

எப்சிபா சொம்பைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். பவளம் நிற்கிற இடமும் அது குடிக்கிற நீரும் ஒன்றே. பவளத்துக்கு யாரும் லாரியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவதில்லை. காலமெல்லாம் பவளத்தோடேயே இருந்தவளுக்கு, மனிதர்கள் ஓரிடத்தில் நின்றுகொண்டு வேறிடத்து நீரைக் குடிப்பார்கள் என்பது தோன்றவே இல்லை. கடற்கரைக்கு அடையாளம் என்று அவள் எடுத்துக்கொண்டதெல்லாம் மீனவர் ஊர்ப் பற்கள். அங்கே மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும். உப்பளம் என்று ஒன்று இருப்பதே அவள் நினைவில் இல்லை, சோற்றில் தினமும் உப்புப் போட்டுத் தின்றுகொண்டுதான் இருந்தாள். இத்தனைக்கும் அவள் மேசை மேலேயே எந்த ஊர்த் தண்ணீரோ கேனில் இருக்கும். வெட்கத்தில் அவளுக்கு முகம் காந்தியது.

"தப்பு என்னோடது" என்றாள். "நீங்க கடற்கரைக்காரங்கதான். நான் சரிபண்ணித் தாரேன்."

"சரிபண்ணினா பல்லத் திருப்பி வச்சிருவீயளா?" என்று கேட்டுவிட்டு, வீங்கிய கன்னத்தோடு வடிவு சிரித்தாள். உள்ளேயிருந்து இசக்கியும் சிரித்தாள். எப்சிபாவால் சிரிக்க முடியவில்லை.

தப்பு என்று சொல்வது சுலபம். ஆய்வகத்தில் அதை நிரூபிக்க வேண்டும். சங்குமுனைப் பற்களை மறுபடி எடுத்து, இதுவரை எண்ணாத தனிமங்களையெல்லாம் எண்ணினாள். ஆற்றுத் தண்ணீரின் பேரியம் அப்படியே இருந்தது. அதோடு கூட, எந்த ஆற்றங்கரைப் பல்லிலும் இல்லாத ஒன்று கிடைத்தது: புரோமின். கடல் நீர் காய்ந்து எழுகிற உப்புத் தூசியில் இருப்பது. கைக்குழந்தையை வரப்பில் துணி விரித்துப் போட்டுவிட்டுத்தான் தாய்மார் உப்பு வாரியிருக்கிறார்கள். குழந்தை மூச்சு வழியே வாங்கிய தூசி பல்லில் ஏறியிருக்கிறது. ஒரு பல் தவறாமல் இருந்தது.

கோமதிநாயகம் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"புரோமின் இருந்தா அளத்துக்காரங்க. அதான சொல்ல வாறீங்க?"

"ஆமா. தண்ணி ஆத்துது, காத்து கடலோடது. ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும். நான் ஒண்ணை மட்டும் பாத்துட்டேன்."

"இதை ஒத்துக்கிட்டா சங்குமுனைக்கு மட்டும் நிக்காது மேடம். இந்தக் கரையில இருக்கிற அத்தனை அளத்துக்காரங்களும் வருவாங்க."

"வரட்டும். உண்மை அதுதானே சார்."

"உண்மையெல்லாம் சரிதான். வீட்டுக்கு எங்க போவேன்? ஏற்கெனவே நாலாவது மாடிக்குத் தண்ணி ஏற மாட்டேங்குது, போர்த் தண்ணியும் உப்புக் கரிக்குதுன்னு தினமும் பெட்டிசன். அந்த லட்சணத்துல இருக்குற வீட்டுக்குத்தான் இவ்வளவு அடிதடி."

"அதுக்காக, இல்லாத ஊர்க்காரங்கன்னு நான் சொல்ல முடியாது."

"எழுதிக் குடுங்க. மேல தள்ளுதேன். வேற யாரு எழுதினாலும் குப்பைத் தொட்டிக்குப் போயிரும். நீங்க எழுதினா எடுபடும். அழுக்கே படாத ஆளுன்னு பேரு வாங்கியிருக்கீங்கல்ல."

எடுபட்டது, ஆனால் லேசில் இல்லை. சென்னைக்கு அலைந்தாள். தன்னில் பாதி வயதே ஆன அதிகாரிகள் முன்னால் நின்று, நானே செய்த பிழை இது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். முதலில் சொன்னது தப்பென்றால் இப்போது சொல்வது எப்படிச் சரியாகும் என்று கேட்டவர்கள் உண்டு. கழுவிய தண்ணீரின் அளவுகளைக் காட்டினாள், மறு அளவு காட்டினாள். அவளுடைய பவளக் கணக்கை நம்பியவர்கள் அந்த நம்பிக்கையில் இதையும் நம்பினார்கள். உடம்பு ஓய்ந்துபோனது. இரவில் படுத்தால் தூக்கம் வராமல் பல் பல்லாகக் கண்ணில் ஓடியது. ஒரு வழியாகத் திருத்த ஆணை கையெழுத்தானது. சங்குமுனைக் குடிகள் கடலோரப் பூர்வீகம். அவர்களுக்குப் புதுக்கரிசலில் வீடு.

செய்தியைத் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. நெடுநாளைக்குப் பிறகு ஒரு சந்தோஷம். வழியில் ஜீப்பை நிறுத்தி, இசக்கிக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டாள். சிறுநீரகக்காரிக்கு வாழைப்பழம் ஆகாது என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. பழத்தை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டாள்.

சங்குமுனை காலியாகக் கிடந்தது. தகரங்களைக் கூடக் கழற்றியிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு மினி லாரி நின்றது. சுடலைவடிவு அதன் மேல் ஏறி நின்று, ஒரு பீரோவைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆணை வரதுக்கு முன்னாலயே எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் எப்சிபா, மூச்சு வாங்க. "புதுக்கரிசலுக்கா கிளம்பிட்டீங்க?"

வடிவு கீழே இறங்கினாள். அவள் முகத்தில் முன்பு பார்க்காத ஒரு தெளிவு இருந்தது.

"புதுக்கரிசலுக்கு எதுக்கு? நாங்க ஆத்துக்குப் போறோம்மா."

"எந்த ஆத்துக்கு?"

"தாமிரபரணிக்குத்தான். எங்க சங்கத்து வக்கீலம்மா கண்டுபிடிச்சாவ. நீங்க குடுத்த முடிவுல ஆத்து நீர்ப் பூர்வீகம்னு போட்டிருக்குல்லா? ஆத்துக்காரவ சட்டத்துலயும் பல்லைத்தான் கேக்காவளாம். வேத்தாளு உள்ள வரப்புடாதுன்னு அவங்களே கேட்டு வாங்கின சட்டம். காட்டினோம். மூஞ்சி செத்துப்போச்சு அவங்களுக்கு, ஆனா என்ன சொல்ல முடியும்? பல்லு பொய் சொல்லாதுல்லா." வடிவு சிரித்தாள். "ஆத்தோரத்துலயே இடம் ஒதுக்கிட்டாவ. ஊரு பூரா முந்தாநாளே போயிட்டு. இசக்கியும் போயிட்டா. காலை நனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், காலு வீக்கம் வத்திட்டு மாதிரி இருக்கும்மான்னு நேத்து போன்ல சொல்லுதா. வத்தியிருக்காது. ஆனா சொல்லுதா."

எப்சிபா கையில் இருந்த ஆணையை மடக்கி மறைக்கப் பார்த்தாள், வடிவு அதற்குள் பார்த்துவிட்டாள்.

"அது என்னம்மா?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னாள். நீங்கள் கடற்கரைக்காரர்கள் என்று நிரூபித்துவிட்டேன். புரோமினைக் காட்டிச் சண்டை போட்டு ஜெயித்துவிட்டேன். இன்று காலை கையெழுத்தாகிவிட்டது. சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வார்த்தையும் அந்த மனுஷி தலையில் கல்லைத் தூக்கி வைப்பது போல இருந்தது.

வடிவு சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஆத்துக்கார ஆபீசுக்கும் இது போயிருக்குமா?"

"போகும். நாளைக்குப் போயிரும்."

"போனா?"

"ஆத்து நீர்ப் பூர்வீகம் ரத்தாயிரும். அங்க இருக்க விட மாட்டாங்க. புதுக்கரிசல்ல வீடு தருவாங்க."

"அங்கன தண்ணி எப்படி?"

போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று கோமதிநாயகம் சொன்னது இப்போதுதான் அவள் காதில் ஏறியது. அன்றைக்கு அதைக் கேட்டும் கேட்காத மாதிரி, புரோமின் புரோமின் என்று பேசிக்கொண்டிருந்தாள்.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கிய" என்றாள் வடிவு. "எனக்கு ஒங்க மேல வருத்தம் இல்ல. எங்களுக்கு இப்படித்தான். தப்பாச் சொன்னீங்க, ஆறு கெடைச்சுது. சரியாச் சொன்னீங்க, அதுவும் போவப்போவுது." அவ்வளவுதான் சொன்னாள். பீரோவில் கட்டிய கயிற்றை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அதைப் பிடித்தபடி நின்றாள். திட்டியிருந்தால் எப்சிபா தாங்கியிருப்பாள். அந்தக் கயிற்றைப் பிடித்த கையைத்தான் பார்க்க முடியவில்லை.

அவள் வரப்பில் கொஞ்ச தூரம் தள்ளிப்போய்க் கோமதிநாயகத்துக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தத் திருத்த ஆணை கீழ போயிருச்சா?"

"நாளைக்குக் காலையில போகும் மேடம். என்ன, எழுத்துப்பிழையா?"

"நிறுத்தணும்."

அவர் நிதானமாகச் சொன்னார். "திருத்தம் சரியில்லைன்னு ஆய்வாளரே எழுதிக் குடுத்தாத்தான் நிறுத்த முடியும். அப்ப முதல்ல சொன்ன முடிவே நிக்கும். காரணம் போடணும். என்ன காரணம்?"

எப்சிபா கடலைப் பார்த்தாள்.

"புரோமின் பல்லுல இருந்தது இல்ல சார். ஆய்வகத்துல ஒட்டினது."

"ஒட்டினதா? எப்படி?"

"குப்பி சரியாக் கழுவல. அழுக்கு."

"உங்க ஆய்வகத்துலயா?"

"ஆமா. என் கையாலதான்."

அவர் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும், வண்டிகள் போகிற சத்தம் கேட்டது.

"இப்ப எங்க நின்னு பேசுறீங்க மேடம்?"

"சங்குமுனையில."

"ஓகோ." பெருமூச்சு விட்டார். "ஆளுங்கல்லாம் ஆத்துப் பக்கம் போயிட்டாங்கன்னு எனக்கும் காத்துவாக்குல வந்துது. நான் ஒண்ணும் கேக்கல. ஆனா ஒரு வார்த்தை சொல்லிருதேன், அப்புறம் சொல்லலைன்னு ஆகிறப்புடாது. உங்க ஆய்வகத்துல அழுக்குன்னு எழுதினா, பல்லோட நிக்காது. பவளத்தையும் கிளறுவாங்க. அதே கை, அதே குப்பிதானேன்னு கேப்பாங்க. அந்த மழைக்கோடு முழுக்க சந்தேகம்னு ஆயிரும். அது உங்க ஆயுசு மேடம்."

"தெரியும் சார்."

"ராத்திரி யோசிச்சிட்டுக் காலையில சொல்லுங்களேன்."

"யோசிச்சா சொல்ல மாட்டேன். இப்பவே எழுதிக்கங்க."

அவர் எழுதிக்கொள்வது கேட்டது. ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்துக் காட்டினார். ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இத்தனை வருடமும் ஒரு தசமப் புள்ளிகூடக் கூட்டிச் சொல்லாதவள், இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்ததே என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. அடக்கப் பார்க்கவில்லை. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

திரும்பியபோது வடிவு பின்னாலேயே நின்றிருந்தாள். முழுக்கக் கேட்டிருக்கிறாள்.

"பொய்தான சொன்னிய?"

"ஆமா."

"ஒங்களுக்குச் சொல்ல வரல. தொண்டை நடுங்குது." வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உப்பில் வெடித்த கை, முள்ளாகக் குத்தியது. "ஒங்க வேலை போயிருமா?"

"வேலை போனாப் போகட்டும். எனக்கு வயசாச்சு. நான் எண்ணி வச்ச மழையெல்லாம் போயிரும் வடிவு. முந்நூறு வருசத்து மழை. அதை இனி யாரும் நம்ப மாட்டாங்க."

வடிவுக்கு அது என்ன மழை என்று புரியவில்லை. ஆனாலும் யோசித்தாள், வந்தவளுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று யோசிக்கிற மாதிரி.

"யாரு நம்பாட்டா என்னம்மா? பெஞ்ச மழை பெஞ்சதுதான?"

லாரிக்காரர் ஒலி எழுப்பினார். வடிவு போய்ப் பீரோவின் கயிற்றை மறுபடி இழுத்தாள். ஒரு ஆளால் இறுக்க முடியவில்லை. எப்சிபா அந்தப் பக்கம் போய் மறுமுனையைப் பிடித்தாள்.